என்.ஜே.டி.ஜி.யும் ஈகோர்ட்ஸும்: தினமும் பார்க்கிறவனின் மதிப்பீடு

நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இந்த இரண்டு அரசுத் தளங்களுக்கும் என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5-க்கு 3½. உங்கள் வழக்கின் வாய்தா தேதியைப் பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் 4½ தாராளமாகக் கொடுப்பேன். நம் நீதிமன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று கணக்குப் போட்டு ஆராய உட்காருகிறவர் என்றால் 2½-க்கு மேல் மனசு வராது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 3½ வந்துவிட்டது. இப்படிச் சராசரி போட்டால் என்னவெல்லாம் காணாமல் போகும் என்பதைத்தான் கீழே பாதிக்குமேல் எழுதியிருக்கிறேன், அதனால் அந்த 3½-ஐயும் கொஞ்சம் சந்தேகத்தோடே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வக்கீல் இல்லை. வழக்குத் தரவுகளைச் சேர்த்து, சுத்தம் செய்து, அட்டவணையாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த இரண்டு தளங்களும் என் கணினியில் காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடும். அப்புறம் என் பெரியப்பாவுக்கு ஒரு வேலித் தகராறு வழக்கு உண்டு, ஆகவே கட்சிக்காரர், அதாவது வழக்காடுகிறவர், வீட்டுப் பிள்ளை என்ற தகுதியும் எனக்கு இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: இவை இரண்டு தனித்தனிக் கடைகள், சரக்கு ஒரே கிடங்கிலிருந்து வருகிறது. ஈகோர்ட்ஸ் சேவைத் தளமும் அதன் செயலியும் ஒரு வழக்கைத் தேடிப் பார்க்க. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு, அதாவது என்.ஜே.டி.ஜி., நாடு முழுக்க எத்தனை வழக்கு நிலுவையில் இருக்கிறது, எத்தனை வருஷமாக, எந்த மாவட்டத்தில் என்று மொத்தக் கணக்குக் காட்ட. ஈகோர்ட்ஸ் தேசியத் தளத்தை 2013 ஆகஸ்டில் தொடங்கிவைத்தவர் அன்றைய தலைமை நீதிபதி, நம் ஈரோட்டுக்காரர் பி. சதாசிவம். என்.ஜே.டி.ஜி. பொதுமக்களுக்குத் திறந்தது 2015 செப்டம்பர் 19. உச்ச நீதிமன்றம் தன் கணக்கை அதில் சேர்க்க 2023 செப்டம்பர் வரை ஆனது, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தார்கள். அதே மாதம் ஈகோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கீழே சொல்லப்போகிற குறைகளைப் படிக்கும்போது அந்தத் தொகையை நினைவில் வையுங்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன்.

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இடம் கொண்ட ஓர் எண். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு நீதிமன்ற வளாகத்துக்கு இரண்டு இலக்கம், வழக்குக்கு ஆறு இலக்கம், கடைசி நான்கு வருஷம். இதை வடிவமைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. இந்த எண்ணைக் கையில் வைத்திருந்தால் செயலிகூட வேண்டாம். ஈகோர்ட்ஸ் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, சி.என்.ஆர். எண்ணைப் போட்டு 9766899899-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அடுத்த தேதி வந்துவிடும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

முன்பெல்லாம் பெரியப்பா வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் போடுவார். எடுத்தால் உண்டு. எடுக்காத நாளில் காலை ஐந்தரை பஸ் பிடித்துப் போய், பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிட்டு, பதினொன்று இரண்டுக்கு அடுத்த மாதம் இத்தனாம் தேதி என்று கேட்டுவிட்டு, புரோட்டா சாப்பிட்டுத் திரும்புவார். நீதிமன்றங்களை ஆராய்கிற பெங்களூரின் தக்‌ஷ் அமைப்பு 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 24 மாநிலங்களில் 9,329 கட்சிக்காரர்களைக் கேட்டதில், சிவில் வழக்குக்காரர் ஒருவர் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய்வரச் சராசரியாக 497 ரூபாய் செலவழிக்கிறார், அன்றைய கூலி போவது தனியாக 844 ரூபாய் என்று வந்தது. அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அந்த ஐந்தரை பஸ்தான் ஞாபகம் வந்தது. இந்தச் செயலி அதில் ஒரு பகுதியையாவது மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது, எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்தது.

எல்லாமே இலவசம் என்பதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டித்தான் ஆவணம் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பைசா கிடையாது. அப்புறம் என்.ஜே.டி.ஜி.யில் ஓர் எண்ணின் மேல் தட்டினால் அது விரியும்: நாடு, மாநிலம், மாவட்டம், குறிப்பிட்ட கோர்ட், கடைசியில் வழக்கு. மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கும் மேல் நிலுவை என்று மேலே காட்டுகிற அந்தப் பெரிய எண்ணிலிருந்து நான்கைந்து தட்டலில், முப்பது வருஷத்துக்கு முன் யாரோ யார் மேலோ போட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வந்து நிற்கலாம். முதல் தடவை அப்படி இறங்கிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த வேலையிலேயே இருக்கிறேன் என்று வையுங்கள்.

சரி, இப்போது குறைகள்.

இந்தத் தளம் எண்ணுவது வழக்கு எண்களை. மக்கள் மாட்டிக்கொண்டிருப்பது தகராறில். இரண்டும் ஒன்று என்று நினைத்து எண்களைக் கூட்டுகிறவர் பள்ளத்தில் விழுவார், நானும் விழுந்திருக்கிறேன்.

பெரியப்பா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் ஒரு முன்சீப் கோர்ட்டில் ஓ.எஸ்., அதாவது அசல் சிவில் வழக்கு, போட்டார். 2014-இல் அவர் பக்கம் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை. எதிர்த்தரப்பு ஏ.எஸ்., அதாவது மேல்முறையீடு, போட்டது, 2019-இல் தள்ளுபடி. வேலி நகரவில்லை. 2023-இல் டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனுவான ஈ.பி. போட்டோம், அது இன்னும் ஓடுகிறது. எங்கள் வீட்டில் இது ஒரே வழக்கு, பதினெட்டு வருஷ வழக்கு. தளத்தின் கணக்கில் மூன்று. முதலாவது முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவது நேற்று பிறந்த குழந்தை மாதிரி 'ஒன்று முதல் மூன்று வருஷம்' என்ற கூடையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தந்த வருஷத்து 'தீர்க்கப்பட்ட வழக்குகள்' கணக்கில் நாங்கள் இரண்டு தடவை சந்தோஷமாக இடம்பெற்றிருக்கிறோம்!

இது எங்கள் குடும்பப் புலம்பல் மட்டுமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில்தான் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஈ.பி.க்கள் எத்தனை கிடக்கின்றன என்று எல்லா உயர் நீதிமன்றங்களும் கணக்கெடுத்து ஆறு மாதத்தில் முடிக்க வையுங்கள் என்று உத்தரவு போட்டது. அக்டோபரில் கணக்கு வந்தது. நாடு முழுக்க 8,82,578. டிக்ரி வாங்கி, கையில் தீர்ப்பு நகலோடு காத்திருக்கிற கூட்டம் இது. தினமும் புதுப்பிக்கப்படுகிற ஒரு தரவுத் தளம் பத்து வருஷமாகக் கண் முன்னால் இருந்தும், இந்த ஒரு எண்ணுக்கு உச்ச நீதிமன்றமே கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஓ.எஸ்., ஏ.எஸ்., ஈ.பி. மூன்றையும் ஒரே நூலில் கோத்துக் காட்ட வழி இல்லையா என்று கேட்பீர்கள். மேல்முறையீட்டுப் பக்கத்தில் கீழ்க் கோர்ட் வழக்கு எண்ணைப் போட ஒரு கட்டம் இருக்கிறது. அது நிரப்பப்பட்டிருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நேரம். பெரும்பாலும் வாதி பெயர், பிரதிவாதி பெயர், ஊர் இவற்றை வைத்து நானே பொருத்திப் பார்க்க வேண்டியதுதான். நம் ஊரில் முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரியும், தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு கட்டில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் 'மற்றும் மூவர்' என்று முடிந்துபோகும்.

அடுத்தது சராசரி என்ற பொறி. ஒரு நீதித்துறை நடுவர் கோர்ட்டில் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஹெல்மெட் இல்லாத வழக்கு, பொது இடத்தில் குடித்த வழக்கு என்று வரிசையாக நிற்பார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்பார்கள், அபராதம் கட்டுவார்கள், போவார்கள். எஸ்.டி.சி. என்ற சுருக்கமுறை வழக்கு எண்ணில் பதிவாகி அன்றைக்கே முடியும் சமாசாரம். கணக்கில் அதுவும் ஒரு வழக்கு, கொலை வழக்கும் ஒரு வழக்கு. நூறு வழக்கில் அறுபது இப்படி ஒரே நாளில் முடிந்து, மீதி நாற்பது ஆறு வருஷம் இழுத்தால் சராசரி இரண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்த இரண்டரை வருஷத்தில் முடிந்த வழக்கு ஒன்றைக்கூட அந்தக் கோர்ட்டில் நீங்கள் காட்ட முடியாது. சட்ட ஆணையம் 2014-இல் கொடுத்த 245-ஆவது அறிக்கையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். கீழமை நீதிமன்றங்களுக்கு வரும் புது வழக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போக்குவரத்து, போலீஸ் சலான் வகை என்றும், எதை வழக்கு என்று எண்ணுவது என்பதிலேயே உயர் நீதிமன்றத்துக்கு உயர் நீதிமன்றம் வேறுபாடு இருக்கிறது என்றும் அதில் இருக்கிறது.

இன்னொன்று, மாதவாரி வரைபடத்தைப் பார்த்து உடனே கருத்துச் சொல்லிவிடாதீர்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, ஜூனில் தாக்கல் குவியும். ஒரே நாளில் ஏராளமான வழக்குகளைச் சமரசமாக முடிக்கிற லோக் அதாலத் நடந்த மாதத்தில் தீர்வு எண்ணிக்கை பனைமரம் மாதிரி எழும்பி நிற்கும். இது தெரியாமல் 'குறிப்பிட்ட மாதத்தில் நீதித்துறை வேகம் எடுத்தது' என்று ஒரு கட்டுரை படித்தேன், எழுதினவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு லோக் அதாலத் காட்ட வேண்டும்.

பிரிவு வாரியாகப் பிரிக்கப் போனால் வேறு தலைவலி. செக் மோசடி வழக்கை எடுங்கள், மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138. இது எவ்வளவு பெரிய குவியல் என்றால், 2019 கடைசியில் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் இதுவே என்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. இவ்வளவு பெரிய வகையை ஒரே பெயரில் பதிந்திருப்பார்கள் என்று நம்பித்தான் நான் வேலையில் சேர்ந்த புதிதில் தேடினேன். சட்டத்தின் பெயரை ஒரு கோர்ட்டில் முழுசாக எழுதுகிறார்கள், ஒன்றில் சுருக்கி, ஒன்றில் நடுவே புள்ளி வைத்து, ஒன்றில் புள்ளி இல்லாமல், ஒன்றில் எழுத்துப் பிழையோடு. நான் ஒரு தனிப் பட்டியலே வைத்திருக்கிறேன், அது வளர்ந்துகொண்டே போகிறது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 302 என்றால் கொலை என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்த நாட்டில் இப்போது அது 103. 420 இப்போது 318-க்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவு, பின் நடந்ததற்குப் புதுப் பிரிவு, ஆக இன்னும் பல வருஷத்துக்கு இரண்டும் கலந்தே வரும். கொலை வழக்குகள் திடீரென்று குறைந்தன என்று யாராவது வரைபடம் போட்டால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

ஒரு வழக்கின் வரலாற்றைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கிட்டத்தில் காட்டுகிறேன், பெரியப்பாவின் ஓ.எஸ்.தான். முதல் குறை, வரிசை 2012-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஐந்து வருஷம் காகிதக் கட்டில்தான், கணினியில் ஏறவே இல்லை. 2012 முதல் 2014 வரை 61 வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி, அடுத்த தேதி, நோக்கம். 'கமிஷனர் அறிக்கைக்கு' என்று தொடர்ந்து ஒன்பது வரி (கமிஷனர் என்றால் இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கிற வக்கீல்). ஒவ்வொரு தேதியையும் தட்டிப் பார்த்தால் அன்றைய குறிப்பு வரும்: அறிக்கை தாக்கல் இல்லை, அடுத்த தேதி. சர்வேயர் வரவில்லை, அடுத்த தேதி. நீதிபதி விடுப்பு, அடுத்த தேதி. வழக்கறிஞர்கள் புறக்கணிப்பு, அடுத்த தேதி. அப்புறம் எழுவினா (எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்று கோர்ட் வகுக்கும் கேள்விகள்), சாட்சி, குறுக்கு விசாரணை. உட்கார்ந்து எண்ணினேன். 61-இல் விசாரணை என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று நடந்தது பதினாலு நாளில். பெரியப்பாவிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா, அந்தப் பதினாலு நாளும் எதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மத்த நாளு களையாவது எடுத்திருப்பேனே" என்றார்.

இந்த நாள்குறிப்புகள்தான் என்னைப் பொறுத்தவரை மொத்தத் தளத்திலும் விலைமதிப்புள்ள பகுதி, அதைத்தான் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக என்.ஜே.டி.ஜி.யில் 'தாமதத்துக்கான காரணங்கள்' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். வழக்கறிஞர் ஆஜராகவில்லை என்பது லட்சக்கணக்கில் மேலே நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவு, சாட்சி வரவில்லை, மேல் கோர்ட் தடை, ஆவணம் வரவில்லை என்று பட்டியல் இறங்கும். பத்திரிகைகள் அடிக்கடி எடுத்துப் போடுவது இதைத்தான். ஒன்றை யோசியுங்கள், அந்தக் காரணத்தைப் பதிகிறவர் கோர்ட் ஊழியர். வருஷக்கணக்கில் ஓடிய வழக்குக்கு ஒற்றை வார்த்தைக் காரணம். நாட்டில் கீழமை நீதிபதிகளுக்கு ஒப்புதலான இடங்கள் சுமார் 25 ஆயிரம், அதில் சுமார் 5 ஆயிரம் காலி. எங்கள் 61 வரியில் எத்தனை வரிக்கு வக்கீல் காரணம், எத்தனை வரிக்கு நாற்காலியில் ஆள் இல்லாதது காரணம் என்பதை அந்த ஒற்றை வார்த்தை சொல்லவே சொல்லாது. வக்கீல்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவர்களுக்கு அது தொழில், பார்த்துக்கொள்வார்கள்.

ஆராய்ச்சிக்கு இன்னொரு பெரிய தடை, மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி கிடையாது. ஒவ்வொரு தேடலுக்கும் கேப்ட்சா எழுத்துகளைத் தட்ட வேண்டும். ஆயிரம் வழக்கு பார்க்க வேண்டுமா, ஆயிரம் தடவை அந்தக் கோணல் எழுத்தை உற்றுப் பார்க்க வேண்டியதுதான், கண்ணாடி மாற்றியாகிவிட்டது.

இந்தத் தடையையெல்லாம் தாண்டி டெவலப்மென்ட் டேட்டா லேப் என்ற ஆய்வுக் குழுவினர் 2010 முதல் 2018 வரையிலான எட்டுக் கோடி வழக்குப் பதிவுகளைத் திரட்டி, பெயர்களை நீக்கிப் பொதுவில் வைத்தார்கள். அதிலிருந்து ஐம்பது லட்சம் குற்ற வழக்குகளை எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: நீதிபதியும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே மதம் அல்லது ஒரே பாலினமாக இருந்தால் விடுதலை வாய்ப்புக் கூடுகிறதா? பதிவில் மதம் கிடையாது, பெயரைப் பார்த்துக் கணினியே ஊகித்தது. சராசரியாகப் பார்த்தால் அப்படிச் சாய்வு எதுவும் தெரியவில்லை என்பது முடிவு. நான் எதிர்பார்த்தது இது இல்லை, என் நண்பர்கள் பலருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேலை சுத்தமான வேலை. அவர்கள் பார்த்தது நீதிபதியின் முன் வந்த பிறகு நடந்ததை மட்டும். யாரைப் பிடிப்பது, யார் மேல் எந்தப் பிரிவு போடுவது என்று காவல் நிலையத்தில் நடப்பதை இந்தத் தரவு காட்டாது. இப்படி ஒரு கேள்வியை நம் நாட்டில் கேட்கவாவது முடிகிறது. பிரான்சில் 2019-இல் ஒரு சட்டம் போட்டு, நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்கள் தீர்ப்பு வழங்கும் போக்கை அலசுவதையே குற்றமாக்கிவிட்டார்கள், ஐந்து வருஷம் வரை சிறை!

மொத்தமாகத் திறந்துவிடுங்கள் என்று கேட்கும்போதே எனக்குள் ஒரு தயக்கமும் உண்டு, மறைக்கவில்லை. விடுதலையான பிறகும் பெயரைத் தேடினால் வழக்குதான் முதலில் வருகிறது என்று ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது, அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. கல்யாண சம்பந்தம் பேச வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஈகோர்ட்ஸில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். என்னிடமே இரண்டு பேர் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றேன், வருத்தப்பட்டார்கள்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? வழக்கு இருக்கிற எல்லோருக்கும், கண்ணை மூடிக்கொண்டு. வக்கீலிடம் முதல் வேலையாகச் சி.என்.ஆர். எண்ணை வாங்கி ரேஷன் கார்டின் பின்னால் எழுதி வையுங்கள். பத்திரிகைக்காரர்கள் மேலே மின்னுகிற பெரிய எண்ணை விட்டுவிட்டு ஏதாவது ஒரு தாலுகா கோர்ட்டுக்குள் இறங்கி ஐம்பது வழக்கைத் திறந்து படித்தால் நல்ல செய்தி கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு எடுக்கிறவர்கள் வழிகாட்டியிடம் கூடுதலாக ஒரு வருஷம் கேட்டு வாங்குங்கள், அது முழுக்கப் பெயர் பொருத்துவதற்கே சரியாகப் போகும்.

பெரியப்பாவின் ஈ.பி.க்கு அடுத்த வாய்தா 18-ஆம் தேதி. நோக்கம் என்ற கட்டத்தில் 'அமீனா அறிக்கைக்கு' என்று இருக்கிறது (அமீனா என்றால் டிக்ரியை நிறைவேற்றப் போகிற கோர்ட் ஊழியர்), போன தடவையும் அதேதான். போனில் சொன்னேன். "சரி, எப்படியும் அன்னைக்கு உரம் வாங்கப் போகணும், அதே பஸ்ல போய்ட்டு வந்துடுறேன்" என்றார்.